குளிரில் டென்ட்டில் படுக்கும்போது மூச்சு ஈரம், முகக் குளிர்: என்ன செய்கிறீர்கள்?

மீனாட்சி_சேலம்

வணக்கம். ஜனவரி கடைசியில் நானும் தங்கையும் கேதார்காந்தா போகிறோம். போன குளிர்காலத்தில் உத்தராகண்டிலேயே வேறொரு மலைக்குப் போயிருந்தேன். பகலில் நடப்பதில் ஒரு சிரமமும் இல்லை, ராத்திரிதான் பிரச்சினை. நல்ல டவுன் (வாத்து இறகு அடைத்த) ஸ்லீப்பிங் பேக், மைனஸ் 10 என்று போட்டிருந்தது, உடம்பு சூடாகத்தான் இருந்தது. ஆனால் மூக்கு நுனி வலிக்கிற அளவுக்குக் குளிர்ந்துவிட்டது. தாங்காமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஜிப்பை மேலே வரை மூடினேன். அரை மணி நேரம் சுகமாக இருந்தது. அப்புறம் விழித்துப் பார்த்தால் கழுத்துப் பக்கம் துணியெல்லாம் நசநசவென்று ஈரம், லேசான தலைவலி வேறு. மறுநாள் ராத்திரி அதே பேக்கில் படுத்தால் மார்புக்கு மேலே சில்லென்று இருக்கிறது, முதல் நாள் இருந்த கதகதப்பு இல்லை. காலையில் டென்ட் கூரையிலிருந்து பனித்தூள் முகத்தில் கொட்டியது.

முகத்தை வெளியே வைத்தால் தூக்கம் வரவில்லை, உள்ளே வைத்தால் எல்லாம் நனைகிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கூகுளில் தேடினால் "நல்ல பேக் வாங்குங்கள்" என்பதைத் தாண்டி ஒன்றும் கிடைக்கவில்லை.

குறிஞ்சி_செந்தில்

உங்கள் பேக்கில் குறை எதுவும் இருக்காது மீனாட்சி. மூச்சுதான் காரணம். தூங்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்றை வெளியே விடுகிறோம், 8 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 3 கன மீட்டர். நுரையீரலிலிருந்து வரும் காற்று முழுக்க ஈரத்தோடு வருகிறது, கன மீட்டருக்கு 30 கிராமுக்கு மேல் தண்ணீர். ஆக ஒரு ராத்திரிக்கு ஒரு ஆள் சுமார் 100 மில்லி, ஒரு டீ கிளாஸ் தண்ணீரை ஆவியாக ஊதித் தள்ளுகிறார். உயரத்தில் மூச்சு அதிகம் வாங்கும் என்பதால் இது இன்னும் கூடும். மைனஸ் 10 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் தாங்குவதோ 2 கிராம் சொச்சம்தான். மிச்சம் எது குளிர்ந்து கிடக்கிறதோ அதன்மேல் படியும். இட்லிக் கொப்பரை மூடியின் உள்பக்கம் சொட்டுமே, அதே சங்கதிதான், இங்கே மூடியின் இடத்தில் உங்கள் பேக்கின் மேல்துணி இருக்கிறது.

இதில் மோசமான விஷயம், ஈரம் நமக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் நிற்பதில்லை. பேக்குக்குள் உடம்பை ஒட்டி 30 டிகிரி, வெளித்துணியில் மைனஸ் 10. நடுவில் எங்கேயோ ஆவி தண்ணீராக மாறும் புள்ளி ஒன்று இருக்கிறது, அது இறகுகளுக்கு நடுவேதான் விழும். வாத்து இறகு காய்ந்து உப்பி இருக்கும்வரைதான் சூட்டைப் பிடிக்கும், ஈரம் பட்டால் கட்டி கட்டியாகச் சுருண்டுவிடும். உங்களுக்கு இரண்டாவது ராத்திரி மார்புக்கு மேலே குளிர்ந்ததற்கு இதுதான் காரணம். உங்கள் வாய் இருந்த இடத்துக்குச் சரியாகக் கீழே பாருங்கள், அங்கேதான் இறகு சுருண்டிருக்கும்.

அதனால் என் கட்சி ஒன்றுதான்: மூக்கும் வாயும் எப்போதும் பேக்குக்கு வெளியே இருக்க வேண்டும், இதில் விலக்கே கிடையாது. முகத்தைச் சூடாக வைப்பது தனி வேலை, அதற்குத் தனிப் பொருள். இரண்டையும் பேக்கின் தலையில் கட்டக் கூடாது.

செய்முறை: பேக்கின் உள்ளே தோளைச் சுற்றி ஒரு தடித்த காலர் இருக்கும், முதலில் அதை இறுக்குங்கள். பலர் அப்படி ஒன்று இருப்பதையே கவனிப்பதில்லை. உடம்புச் சூடு கழுத்து வழியாகத் தப்பிப்பது நின்றாலே பாதிக் குளிர் போய்விடும். அப்புறம் தலைக்கூட்டின் (தலையை மூடும் ஹூட்) நாடாவை இழுத்து, மூக்கும் வாயும் மட்டும் தெரிகிற அளவுக்கு ஓட்டையைச் சுருக்குங்கள். கண் உள்ளே போய்விடலாம், நெற்றி கன்னம் எல்லாம் உள்ளே. ஓட்டையின் விளிம்பில் காலையில் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும், அது நல்ல அறிகுறி. ஈரம் வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். எழுந்ததும் கையால் தட்டிவிட்டால் உதிர்ந்துவிடும்.

ஒருக்களித்துப் படுப்பவரா நீங்கள்? அப்படியென்றால் பேக்குக்குள் நீங்கள் மட்டும் திரும்பாதீர்கள், பேக்கையும் சேர்த்துத் திருப்புங்கள். தூக்கத்தில் உடம்பு மட்டும் திரும்பினால் ஓட்டை வானத்தைப் பார்க்கும், வாய் தலைக்கூட்டின் பக்கச் சுவரில் ஊதிக்கொண்டிருக்கும். ஓட்டையைச் சின்னதாக வைத்தால் தலைக்கூடு மண்டையோடு ஒட்டிக்கொள்ளும், தானாகவே கூடத் திரும்பும்.

பாலா_பெங்களூரு

செந்தில் சார், மரியாதையோடு மறுக்கிறேன். நான் பல வருடமாக முகத்தை உள்ளே வைத்துத்தான் படுக்கிறேன். கோலுக்குமலை, மீசப்புலிமலை, ஒருமுறை ஸ்பிதியில்கூட. ஒன்றும் ஆகவில்லை. மூச்சோடு வெளியே போகிற சூட்டை ஏன் வீணாக்க வேண்டும்? குளிர்ந்த காற்றை இழுத்துச் சூடாக்கி ஈரமாக்கி வெளியே விடுவதிலேயே உடம்பின் சக்தி போகிறதே.

குறிஞ்சி_செந்தில்

பாலா, மூச்சில் சூடு போகிறது என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. 100 கிராம் தண்ணீரை ஆவியாக்க 58 கிலோ கலோரி வேண்டும், தூங்குகிற உடம்பு அந்த 8 மணி நேரத்தில் எரிப்பதில் அது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. முகத்தை உள்ளே வைத்தால் அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். அதனால்தான் முதல் அரை மணி நேரம் அவ்வளவு சுகம்.

ஆனால் நீங்கள் சொன்ன இடங்களைப் பாருங்கள். கோலுக்குமலையில் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் இறங்கி வீட்டில் பேக்கைக் காயப்போட்டுவிடுகிறோம். அங்கே குளிரும் அவ்வளவு கடுமை கிடையாது, உறையாத ஈரம் தானாகக் காய வழி இருக்கிறது. ஒரே ஒரு ராத்திரிக்கு, அதுவும் சின்தெடிக் (செயற்கை இழை அடைத்த) பேக்கில், நீங்கள் செய்வது நடக்கும். மூன்று நான்கு ராத்திரி தொடர்ந்து உறைநிலைக்குக் கீழே, நடுவில் வெயில் இல்லாத நாள் ஒன்று வந்தால், முதல் நாள் கிடைத்த அந்தப் பத்தில் ஒரு பங்கைப் பின்னால் வட்டியோடு கொடுக்க வேண்டியிருக்கும். ராத்திரிக்கு 50 கிராம் மட்டும் இறகில் தங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் மூன்று ராத்திரியில் 150 கிராம். மொத்த இறகே 600, 700 கிராம்தானே இருக்கும்.

பேக்கின் மேல் ஒட்டியிருக்கும் மைனஸ் 10 என்ற எண்ணும் காய்ந்த பேக்குக்கு உரியது. சோதனைக்கூடத்தில் சூடேற்றிய பொம்மையைப் படுக்கவைத்து அளக்கிறார்கள், அதன் மூச்சு ஈரம் மூன்று ராத்திரி பேக்கில் சேர்வதில்லை. அந்த எண் 'கம்ஃபர்ட்' (சுகமாகத் தூங்கலாம்) எண்ணா 'லிமிட்' (எப்படியோ சமாளிக்கலாம்) எண்ணா என்றும் பாருங்கள். நம் ஊர்ப் பேக்குகளில் பல சமயம் லிமிட்டைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள், பெண்களுக்கும் சீக்கிரம் குளிர்கிறவர்களுக்கும் கம்ஃபர்ட் எண்தான் கணக்கு.

ஒஸ்லோ_நிதன்

வணக்கம் எல்லாருக்கும். நான் இருக்கிறது நோர்வேயில், பிள்ளைகளோடு ஸ்கீ போட்டுக்கொண்டு போய் டென்ற் அடிக்கிற ஆள். செந்தில் அண்ணா சொல்லுகிறது நூறு வீதம் சரி.

ஈரம் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1911 இல் அந்தாட்டிக்காவில் நடந்த சம்பவம் ஒன்று இருக்கிறது. தென் துருவப் பயணம் வந்த ஸ்கொட்டின் குழுவில் இருந்து வில்சன், போவர்ஸ், செரி-கராட் என்று மூன்று பேர் பென்குவின் முட்டை எடுக்க நடுக் குளிர்காலத்தில் கேப் குரோசியருக்குப் போனார்கள். ஐந்து கிழமை (வாரம்) பயணம். குளிர் தாங்கேலாமல் படுக்கைப் பைக்குள்ளேயே மூச்சு விட்டார்கள். வேர்வையும் மூச்சும் பைக்குள்ளே உறைந்து உறைந்து, செரி-கராட்டின் பை வெளிக்கிடும்போது 8 கிலோ, திரும்பி வரும்போது 20 கிலோ! இடையில் இருக்கிற 12 கிலோவும் பனிக்கட்டி. பின்னேரத்தில் பைக்குள்ளே இறங்குகிறதுக்கே உடம்புச் சூட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அதை உருக்கி உருக்கித்தான் உள்ளே போனார்கள். அவர்கள் கண்ட குளிர் மைனஸ் 60, அங்கே மூக்கை வெளியே வைக்கிறது லேசான காரியம் இல்லை, அவர்களைக் குற்றம் சொல்லேலாது. ஆனால் மைனஸ் 10 இல் எங்களுக்கு அந்த நெருக்கடி இல்லைத்தானே.

இங்கே வடக்கே ஃபின்மார்க் பக்கம் சரியான குளிர். கரசோக் என்ற இடத்தில் 1886 இல் மைனஸ் 51.4 பதிவாகியிருக்கிறது. அந்தப் பக்கம் பல நாள் போகிறவர்கள் இரண்டு வேலை செய்கிறார்கள். ஒன்று, பைக்கு உள்ளே ஆவி புகாத மெல்லிய உறை ஒன்றைப் போட்டு அதுக்குள்ளே படுக்கிறது. உடம்பு ஈரம் இறகுக்குப் போகாது. கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும், மைனஸ் 20 க்கு மேலே இருக்கிற சின்னக் குளிருக்கு அது தேவையில்லை. மற்றது, இறகுப் பைக்கு மேலே மெல்லிய சின்தெடிக் பை ஒன்றை விரிக்கிறது. அப்போது உறைகிற இடம் வெளிப் பைக்கு நகர்ந்துவிடும், இறகு காய்ந்தபடி இருக்கும். உங்கள் பயணத்துக்கு இரண்டாவது பை வேண்டாம் அக்கா, போடாமல் வைத்திருக்கிற மழை ஜாக்கெட்டையோ ஃபிளீஸையோ நெஞ்சுக்கு மேலே விரித்தால் காணும். மழை ஜாக்கெட்டை இறுக்கிச் சுற்றவேண்டாம், சும்மா மேலே போட்டால் சரி.

காலையில் எழும்பினவுடனே செய்ய வேண்டிய ஒன்று. பை இன்னும் சூடாக இருக்கும்போதே காலில் இருந்து தலைப்பக்கம் வரை உருட்டி அமத்தி உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளுங்கோ, இரண்டு தரம். அது ஈரக் காற்று. ஆறவிட்டால் உள்ளேயே உறையும். தேத்தண்ணி குடிக்கப் போகிறதுக்கு முதல் இதைச் செய்யவேண்டும்.

லடாக்_முத்தையா

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு. நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், திருநெல்வேலி. லடாக்கில் குளிர்காலம் பார்த்தவன். எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது, அங்கே பழகினதைச் சொல்கிறேன்.

புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் முதல் ராத்திரி போர்வைக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார்கள். மூத்தவர்கள் வந்து இழுத்து விடுவார்கள், "மூக்கை வெளியே போடுடா" என்று. முகத்துக்கு நாங்கள் நம்பினது குரங்குக் குல்லாதான். கம்பளி. அதை எப்படிப் போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கீழ்விளிம்பை மேலே இழுத்து வாயை மூடினால் பத்து நிமிடத்தில் வாய்க்கு எதிரே கம்பளி நனையும், அப்புறம் விறைத்துப் பலகையாகி உதட்டிலே ஒட்டும். மீசை வைத்தவன் பாடு திண்டாட்டம். அதனால் வாயை மூடமாட்டோம். கன்னம், தாடை, காது, நெற்றி மூடியிருக்கும், மூக்குக்கும் வாய்க்கும் குல்லாவின் வட்டம் திறந்தே இருக்கும். மூக்கு நுனி ரொம்ப வலித்தால் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை ஒரு நிமிடம் கிண்ணம் போல மூக்கின்மேல் வைத்துக்கொள்வது, சூடு ஏறினதும் எடுத்துவிடுவது. தேய்க்கவே கூடாது. மூக்கு, காது வெளுத்து மரத்துப்போனால் தேய்த்துப் புண்ணாக்காமல் கைச்சூட்டில் வைத்திருக்க வேண்டும். உணர்ச்சி திரும்பாவிட்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று, டென்ட்டின் காற்றுத் துவாரத்தைத் துணி வைத்து அடைக்காதீர்கள். குளிருது என்று எல்லாரும் முதலில் செய்கிற காரியம் அதுதான். அடைத்தால் பெரிதாகச் சூடு ஏறாது, கூரையில் பனி மட்டும் இரண்டு மடங்காகும்.

விக்கி_மதுரை

கேம்ப் ஆட்களிடம் கொஞ்சம் கரி வாங்கி ஒரு சட்டியில் கங்கு போட்டு டென்ட்டுக்குள் வைத்துக்கொண்டால் முகம், ஈரம் இரண்டு பிரச்சினையும் தீருமே? வடக்கே வீடுகளில் அங்கீட்டி என்று எல்லாரும் வைத்துக்கொண்டுதானே தூங்குகிறார்கள்.

லடாக்_முத்தையா

தம்பி, வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், அந்த யோசனையை இங்கேயே விட்டுவிடு. வடக்கே குளிர்காலம் வந்தாலே அங்கீட்டி வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கின குடும்பம் காலையில் எழவில்லை என்ற செய்தி வராத வருடம் இல்லை. கரிப்புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, இருமல் வராது, தூக்கத்திலேயே ஆள் போய்விடுவான். நாங்கள் புகாரி அடுப்பு வைத்த இடங்களில்கூட புகைக்குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அணைத்த பிறகுதான் தூங்குவது. டென்ட்டுக்குள் கங்கும் கூடாது, சமையல் ஸ்டவ்வும் கூடாது. ஸ்டவ் எரிந்தால் ஈரத்தையும் சேர்த்துத்தான் கொடுக்கும், அது வேறு.

விக்கி_மதுரை

சரிங்க ஐயா. நிச்சயம் செய்யமாட்டேன். நன்றி.

நர்ஸ்_ஷகிலா

மீனாட்சி எழுதினதில் எல்லாரும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டார்கள், தலைவலியை விட்டுவிட்டார்கள். அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தலையை உள்ளே வைத்து மூடினால் நீங்கள் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறீர்கள், அதில் கார்பன் டை ஆக்சைடு கூடிக்கொண்டே போகும். தலைவலி, பதற்றத்தோடு விழித்துக்கொள்வது எல்லாம் வரலாம். வீட்டில் என்றால் பரவாயில்லை, போர்வையை விலக்கினால் சரியாகிவிடும். 11,000 அடியில் தலைவலி என்றால் அது உயர நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். முகத்தை மூடிப் படுத்தவருக்குக் காலையில் தலை வலித்தால் எது காரணம் என்று எப்படித் தெரியும்? "பேக்கை மூடினதால்தான்" என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு மேலே ஏறினால் ஆபத்து. மூக்கை வெளியே வைத்துப் படுங்கள், அப்படியும் தலை வலித்தால் உங்கள் ட்ரெக் லீடரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உயரத்தில் தூங்கும்போது மூச்சு சில நொடி நின்று பிறகு வேகமாக வாங்குவது பலருக்கு இயல்பாகவே நடக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் தங்கை பயந்துவிடப் போகிறாள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை போடாதீர்கள், அது மூச்சை இன்னும் மந்தமாக்கும். டயமாக்ஸ் (உயர நோய்க்கான மாத்திரை) வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கு ஈர இழப்பு அதிகம். மூக்கின் உள்சுவர் குளிர்ந்த காற்றைச் சூடாக்கி அனுப்பி, வெளியே வரும்போது அதே சுவரில் கொஞ்சம் ஈரத்தையும் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஐசியூவில் வென்டிலேட்டர் போட்ட நோயாளிக்கு மூக்கு வேலை செய்யாது, அதனால் குழாயில் எச்எம்இ என்று ஒரு சின்ன ஃபில்டரைச் செருகுவோம். உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு தாள் மாதிரி இருக்கும், வெளியே போகும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து அடுத்த மூச்சுக்குத் திருப்பிக் கொடுக்கும். குளிர் நாடுகளில் ஆஸ்துமா உள்ளவர்கள் போட்டுக்கொள்கிற மாஸ்க்கிலும் உலோகச் சல்லடை வைத்து இதையே செய்கிறார்கள். அதற்காக ஆஸ்பத்திரி ஃபில்டரை வாங்கி முகத்தில் கட்டாதீர்கள், அது ஈரமாகி அடைத்துக்கொள்ளும். மூக்கடைப்பு இருந்தால் படுக்கும் முன் சலைன் சொட்டு மருந்து விட்டுக்கொண்டாலே வாயால் மூச்சு விடுவது குறையும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பேக்குக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள், குளிர்ந்து போனால் மருந்து சரியாகப் பீச்சாது.

வாசலின் பற்றியும் ஒரு வார்த்தை. உதட்டுக்கு, மூக்கு ஓரத்துக்கு வெடிப்பு வராமல் இருக்கத் தடவலாம். ஆனால் முகம் முழுக்கத் தடவினால் பனிக்கடி வராது என்று நம்பாதீர்கள். பின்லாந்து ராணுவ இளைஞர்களிடம் பார்த்த ஆய்வில் இப்படி முகத்தில் களிம்பு பூசியவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை, பனிக்கடி கூடத்தான் செய்தது. தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு: அது அங்கே கல்லாக உறைந்து கிடக்கும்.

ரகு_திருப்பூர்

முத்தையா ஐயா சொன்ன குல்லா விஷயத்தில் துணிக்காரனாக ஒன்று சேர்க்கிறேன். எந்தத் துணி என்பது ரொம்ப முக்கியம். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், கம்பளி 16 சதவீதம் வரை, பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடக் கிடையாது. இதில் கம்பளி கில்லாடி, நாருக்குள்ளே ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் காய்ந்தது போல இருக்கும். பருத்தி நனைந்தால் ஒட்டிக்கொள்ளும், காய நாளாகும். ஆகையால் பனியன் துணியில் தைத்த பஃப் (கழுத்தில் மாட்டும் குழல் துணி), காட்டன் துண்டு, கர்ச்சீஃப் எதுவும் முகத்துக்கு வேண்டாம். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, மூக்குக்கு முன்னால் பாலியெஸ்டர் ஃபிளீஸ்.

நான் செய்து கொடுக்கிற ஒன்றைச் சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம். மெல்லிய ஃபிளீஸ் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஃபிளீஸ் நூல் பிரியாது, ஓரம் தைக்க வேண்டியதில்லை. அதன் மேல்விளிம்பை மட்டும் குரங்குக் குல்லாவின் வட்டத்தில், கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பு இரண்டிலும் வருகிற மாதிரி ஊக்குப் போட்டுக் குத்துங்கள் (ஊக்கின் முனை வெளிப்பக்கம் இருக்கட்டும்). கீழ்விளிம்பைக் கட்டக் கூடாது, தொங்க வேண்டும். நடுவில் ஒரு சின்ன மடிப்பு வைத்துக் குத்தினால் துணி கூடாரம் போல மூக்கிலிருந்து ஒரு விரல் தள்ளி நிற்கும். மூக்கிலிருந்து வரும் மூச்சு கீழ்நோக்கித்தானே வருகிறது, திரைக்கு அடியில் புகுந்து வெளியே போய்விடும். மூக்கு நுனியைச் சுற்றி மட்டும் கொஞ்சம் சூடு தங்கும். துணியில் பனி பூத்தால் இரண்டு விரலால் கசக்கி உதறினால் தூளாகக் கொட்டிவிடும். இரண்டு மூன்று துண்டு வெட்டி வைத்துக்கொண்டால் நடுராத்திரி மாற்றிக்கொள்ளலாம், ஒன்றுக்கும் எடை கிடையாது.

பாலா_பெங்களூரு

இந்தத் திரை யோசனை பிடித்திருக்கிறது ரகு. செந்தில் சார், பல ராத்திரி கணக்கு புரிந்தது. இருந்தாலும் ஒரு ராத்திரிப் பயணத்துக்கு நான் என் வழியை விடப்போவதில்லை, அதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். ஷகிலா அக்கா சொன்ன தலைவலி விஷயம் மட்டும் யோசிக்க வைக்கிறது. அதிக உயரத்தில் இனி மூக்கு வெளியேதான்.

மீனாட்சி_சேலம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஏற்காட்டில் போதுமான குளிர் இல்லை, அதனால் பொங்கல் லீவில் ஊட்டியில் அத்தை வீட்டுக்குப் போனபோது மொட்டைமாடியில் படுத்துப் பார்த்தோம். உறைபனிக் காலம், விடியற்காலையில் பக்கத்துப் புல் எல்லாம் உப்புத் தூவினது போல வெளுத்துக் கிடந்தது, பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருந்திருக்கும்.

காலரை இறுக்கினதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. தலைக்கூட்டை மூக்களவுக்குச் சுருக்கியதும் முதலில் மூச்சு முட்டுவது போல ஒரு பயம் வந்தது, ஐந்து நிமிடத்தில் பழகிவிட்டது. ரகு சொன்ன திரை நன்றாக வேலை செய்தது. மூக்கு நுனி குளிர்ந்தது, ஆனால் வலிக்கவில்லை. காலையில் திரையின் கீழ்விளிம்பு மட்டும் ஈரம், பேக்கின் கழுத்துப் பக்கம் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருந்தது. தங்கைக்கு ஊக்கு உறுத்தியதாம், அவள் இரண்டு தையல் போட்டுவிட்டாள்.

இரண்டு சந்தேகம் பாக்கி. தங்கைக்கு ட்ரெக் தொடங்குகிற ஊரான சாங்க்ரியில் வாடகைப் பேக்தான் எடுக்கப் போகிறோம், அதில் என்ன பார்க்க வேண்டும்? மூன்று பேருக்கு ஒரு டென்ட் என்கிறார்கள், தெரியாத பெண் ஒருவரும் எங்களோடு படுப்பார். அந்தக் கூரைப் பனிக்கு என்ன செய்வது?

குறிஞ்சி_செந்தில்

நல்ல வேலை செய்தீர்கள், கிளம்பும் முன் இப்படிப் படுத்துப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு.

மூன்று பேர் என்றால் மூச்சில் மட்டும் ராத்திரிக்கு 300 மில்லிக்குக் குறையாமல் டென்ட்டுக்குள் வரும். மேல் துவாரம் திறந்திருக்கட்டும், கதவு ஜிப்பை மேலே ஒரு சாண் திறந்து வையுங்கள். ஈரக் காற்று சூடாக இருப்பதால் மேலே போகும், மேலே வழி இருந்தால் வெளியேறும். மூன்று பேரும் துவாரம் இருக்கிற பக்கமே தலை வைத்துப் படுங்கள். ராத்திரி பனி பெய்தால் வெளிக்கூரை கனத்து உள்கூரையில் ஒட்டும், துவாரமும் மூடிக்கொள்ளும், அதனால் விழிப்பு வரும்போதெல்லாம் உள்ளிருந்து தட்டிவிடுங்கள். ஈரச் சாக்ஸ், ஈரக் கையுறையை டென்ட்டுக்குள் தொங்கப்போட்டால் அதுவும் கூரைக்குத்தான் போகும். காலையில் முதலில் எழுபவர் துணியை ஆட்டாமல் மெதுவாக வெளியே போக வேண்டும். பேக்குகளைச் சுருட்டி உறையில் போட்ட பிறகுதான் டென்ட்டை உதறுவது, மூன்றாவது பெண்ணிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். மதியம் கேம்ப்பில் வெயில் கிடைத்தால் பேக்கை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பி ஒரு மணி நேரம் காயப்போடுங்கள், சாப்பாட்டைவிட அது முதல் வேலை.

வாடகைப் பேக்: எடுக்கும்போது அங்கேயே விரித்துப் பாருங்கள். மார்புப் பக்கத்தை இரண்டு கையால் அழுத்தி விடுங்கள், உப்பி எழுகிறதா, கட்டி தட்டுப்படுகிறதா? முந்தின குழு மூச்சு விட்டு நனைத்த பேக் சரியாகக் காயாமல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தால் அங்கேதான் தெரியும். உள் காலர் இருக்கிறதா, ஜிப் கடைசி வரை ஓடுகிறதா பாருங்கள். வாடகைப் பேக்குகளில் முதலில் போவது தலைக்கூட்டின் நாடாவை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் லாக்தான், பாதிப் பேக்குகளில் நாடா மட்டும் சும்மா தொங்கும். சேலத்திலேயே பை, செருப்பு தைக்கிற சாமான் கடையில் ஸ்பிரிங் வைத்த கார்டு லாக் இரண்டும் ஒரு மீட்டர் மெல்லிய நாடாவும் வாங்கிக்கொள்ளுங்கள். நாடா உருவிப் போயிருந்தால் ஊக்கில் கோத்து உள்ளே ஓட்டிவிடலாம். லாக்கைக் கையுறை போட்ட கையால் அழுத்த முடிகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள், ரொம்பச் சின்னதாக இருந்தால் ராத்திரி இருட்டில் தங்கையால் அவிழ்க்க முடியாது.